கோல்ஃப் மேஜரில் யார் பக்கம்: ஃபேவரிட்டா, அண்டர்டாக்கா?

டென்னிஸ் இறுதிப்போட்டியில் களத்தில் இரண்டே பேர். ஒருவர் ஜெயிப்பார் என்று ஊரே சொல்லும், மற்றவர் தோற்பார் என்று சொல்லும். நமக்கு யாரைப் பிடிக்கிறதோ அவர் பக்கம் உட்கார்ந்துகொள்ளலாம். கோல்ஃப் அப்படி இல்லை. யுஎஸ் ஓப்பனிலோ தி ஓப்பனிலோ வியாழக்கிழமை 156 பேர் ஆடத் தொடங்குகிறார்கள். இதில் யார் வலியவர், யார் எளியவர்? கோல்ஃப் பார்க்கப் பழகுகிறவர்கள் தடுமாறும் முதல் இடம் இது. இந்தத் தடுமாற்றம் தீர்ந்துவிட்டால் நான்கு நாள் ஆட்டமும் வேறு விதமாகத் தெரியும்.

முதலில் சட்டகம். ஆண்கள் கோல்ஃபில் மேஜர்கள் எனப்படும் மிகப் பெரிய போட்டிகள் நான்கு: ஏப்ரலில் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ், மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப், ஜூனில் யுஎஸ் ஓப்பன், ஜூலையில் தி ஓப்பன். வியாழன் முதல் ஞாயிறு வரை நாளுக்கு 18 குழி, மொத்தம் 72. மொத்த ஸ்ட்ரோக் (பந்தை அடிக்கும் அடி) எண்ணிக்கை யாருக்குக் குறைவோ அவர் சாம்பியன். வெள்ளி மாலை 'கட்' விழும். மாஸ்டர்ஸில் முதல் 50 இடங்கள், யுஎஸ் ஓப்பனில் முதல் 60, மற்ற இரண்டிலும் முதல் 70. கடைசி இடத்தோடு சமநிலையில் இருப்பவர்களும் தப்பிப்பார்கள், மீதிப் பேர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

போட்டிக்கு முன் அதிக வாய்ப்புள்ளவராக மதிப்பிடப்படுகிறவர் ஃபேவரிட். வாய்ப்பு மிகக் குறைவு என்று ஒதுக்கப்படுகிறவர் அண்டர்டாக். அந்த மதிப்பீடு பெரும்பாலும் பந்தய நிறுவனங்களின் விகிதங்களாகத்தான் செய்திகளில் வரும். பந்தயம் கட்டும் எண்ணமே இல்லாதவருக்கும் அந்த எண்ணை வாசிக்கத் தெரிந்திருப்பது உதவும். ஒருவர் பெயருக்கு எதிரே 4/1 என்று இருந்தால் இரண்டு எண்களையும் கூட்டுங்கள், 5. பின்னால் உள்ள 1-ஐ அதனால் வகுத்தால் 20 சதவீதம். 50/1 என்றால் ஏறக்குறைய 2 சதவீதம். 150/1 என்றால் ஒரு சதவீதம்கூட இல்லை. களத்தில் உள்ள எல்லோருடைய சதவீதத்தையும் கூட்டிப் பார்த்தால் 100-ஐத் தாண்டும். தாண்டும் பகுதி நிறுவனத்தின் லாபம். அதனால் ஒவ்வொருவரின் உண்மையான வாய்ப்பும் அந்த எண் சொல்வதைவிடச் சற்றுக் குறைவே.

இப்போது அந்த 20 சதவீதத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு மேஜரில் 4/1 என்பது மிக வலுவான ஃபேவரிட்டுக்குக் கிடைக்கும் எண். அவரே ஐந்தில் நான்கு முறை ஜெயிக்க மாட்டார் என்றுதான் அந்த எண் சொல்கிறது. டைகர் உட்ஸ் அமெரிக்காவின் முதன்மைத் தொடரான பிஜிஏ டூரில் 82 பட்டங்கள் வென்றவர். ஆனாலும் அவர் ஆடிய போட்டிகளில் நான்கில் மூன்றுக்கு மேல் வேறு யாரோதான் கோப்பையைத் தூக்கினார்கள். 18 மேஜர்கள் வென்று உச்சியில் நிற்கும் ஜாக் நிக்லாஸ், மேஜர்களில் இரண்டாம் இடம் பிடித்தது 19 முறை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். கோல்ஃபில் அது எப்போதோ நடப்பதல்ல, வாராவாரம் நடப்பது.

ஏன் இப்படி?

உலகின் முதல்நிலை வீரருக்கும் நூறாவது இடத்தில் இருப்பவருக்கும் இடைவெளி, ஒரு சுற்றுக்குச் சராசரியாக 2 ஸ்ட்ரோக் அளவில்தான் இருக்கும். ஆனால் ஒரே வீரர் இன்று 67, நாளை 73 என்று ஆடுவது மிகச் சாதாரணம். ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் உள்ள வித்தியாசம் பெரிது. நான்கு நாளில் முதல்நிலை வீரருக்கு 8 ஸ்ட்ரோக் அனுகூலம் சேர வேண்டும். அவர் சுமாராக ஆடும் வாரத்தில் நூறாவது ஆள் தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடிவிட்டால் அந்த 8 கரைந்துபோகும். அப்படி ஒரு வாரம் குறிப்பிட்ட ஒருவருக்கு வாய்ப்பது அரிது. ஆனால் களத்தில் உள்ள 155 பேரில் யாரோ ஒருவருக்கு வாய்ப்பது கிட்டத்தட்ட நிச்சயம்.

இன்னொரு காரணம், கோல்ஃபில் தற்காப்பு ஆட்டம் என்று ஒன்று கிடையாது. குத்துச்சண்டையில் எதிராளியின் கையைத் தடுக்கலாம், டென்னிஸில் அவருக்குப் பிடிக்காத பக்கம் பந்தைத் தள்ளலாம். இங்கே இரண்டு மணி நேரம் முன்னால் ஆடிவிட்டுப் போன ஒருவர் 64 எடுத்துவிட்டால், ஃபேவரிட் அதைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும்.

ஆகவே 'ஃபேவரிட்டை ஆதரிப்பது வலியவன் பக்கம் சாய்வது' என்ற பேச்சு கோல்ஃபுக்குப் பொருந்தாது. தனி ஒருவர் என்று பார்த்தால் அவர் பெரியவர். மொத்தக் களத்துக்கு எதிரே நிறுத்தினால் அவரும் அண்டர்டாக்தான். 2000-ல் பெபிள் பீச்சில் டைகர் 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் யுஎஸ் ஓப்பனை வென்றது போன்ற வாரங்கள் மிக அபூர்வம். அப்படி ஒன்று நடக்கும்போது போட்டி இல்லையே என்று சலித்துக்கொள்வது வீண். அத்தனை பேரை ஒருவர் ஒரே நேரத்தில் இவ்வளவு தூரம் பின்னால் விடுவதைத் திரும்பப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகலாம்.

அண்டர்டாக்கை அடையாளம் காண்பது

கைவசம் உள்ள எளிய கருவி உலகத் தரவரிசை. 1986 முதல் இருக்கிறது. கடைசி இரண்டு ஆண்டு ஆட்டங்களைக் கணக்கில் எடுக்கும். அண்மைய 13 வாரங்களுக்கு முழு மதிப்பு, அதற்கு முந்தையவற்றுக்கு மதிப்பு படிப்படியாகத் தேயும். இந்த எண்ணை அப்படியே நம்பினால் இரண்டு இடங்களில் ஏமாறுவோம். காயத்தால் ஓராண்டு ஆடாதவர் தேவைக்கு மேல் கீழே இருப்பார். பிஜிஏ டூருக்குப் போட்டியாக 2022-ல் தொடங்கிய எல்ஐவி தொடருக்குப் போனவர்கள் ஆண்டுக்கணக்கில் தரவரிசைப் புள்ளி இல்லாமல் ஆடினார்கள். அதனால் மேஜர் வெல்லும் வலுவுள்ளவர்கள் பட்டியலில் எங்கோ கிடந்தார்கள். தரவரிசையும் பந்தய விகிதமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் விகிதத்தையே நம்புங்கள். அதை நிர்ணயிப்பவர்களுக்கு அதில் பணம் இருக்கிறது.

அண்டர்டாக் எல்லோரும் ஒரே வகை இல்லை. முதல் வகை, யாருக்கும் தெரியாத பெயர். 2003-ல் ராயல் செயின்ட் ஜார்ஜஸில் தி ஓப்பனை வென்ற பென் கர்ட்டிஸ் அப்போது உலகத் தரவரிசையில் 396. அதுதான் அவர் ஆடிய முதல் மேஜர். அதே ஆண்டு ஓக் ஹில்லில் பிஜிஏ சாம்பியன்ஷிப் வென்ற ஷான் மிக்கீல் 169-வது இடத்தில் இருந்தவர். கடைசிக் குழியில் அவர் 7-அயர்ன் மட்டையால் அடித்த பந்து குழியிலிருந்து சில அங்குலத்தில் போய் நின்றது. 1991-ல் ஜான் டேலி பிஜிஏ சாம்பியன்ஷிப் காத்திருப்போர் பட்டியலில் ஒன்பதாவது ஆள். கடைசி நேரத்தில் இடம் கிடைத்து, அந்த மைதானத்தில் பயிற்சிச் சுற்றுகூட ஆடாமல் இறங்கி ஜெயித்தார். பெண்கள் கோல்ஃபிலும் இதே கதை உண்டு. 2020-ல் ராயல் ட்ரூனில் பெண்கள் ஓப்பனை வென்ற சோஃபியா போப்போவ் அப்போது 304-வது இடம். அதற்கு முந்தைய ஆண்டு வோபர்னில் ஜெயித்த ஹினாகோ ஷிபுனோவுக்கு வயது 20. ஜப்பானுக்கு வெளியே அவர் தொழில்முறையாக ஆடிய முதல் போட்டி அது.

இரண்டாவது வகை, காலம் கடந்துவிட்டவர் என்று ஒதுக்கப்பட்டவர். 2021-ல் கியாவா தீவில் ஃபில் மிக்கெல்சன் 50 வயதில் பிஜிஏ சாம்பியன்ஷிப் வென்றார். மேஜர் வென்றவர்களில் மிக மூத்தவர் அவர்தான். 2009-ல் டர்ன்பெரியில் 59 வயது டாம் வாட்சனுக்கு 72-வது குழியில் ஒரு பார் (அந்தக் குழிக்கு விதித்த ஸ்ட்ரோக் அளவு) எடுத்திருந்தால் போதும், தி ஓப்பன் அவருடையது. 8-அயர்னால் அடித்த பந்து குழியைச் சுற்றி மழித்த புல்வெளியான கிரீனைத் தாண்டி ஓடிப்போனது, போகி (பாரைவிட ஒன்று அதிகம்) விழுந்தது, சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டமான பிளேஆஃபில் ஸ்டூவர்ட் சிங்க் ஜெயித்தார். போட்டிக்கு முன் யாரும் சிங்க்கை ஃபேவரிட் என்று சொல்லவில்லை. ஆனாலும் அன்று மாலை அவர் கிழவரின் கனவைக் கலைத்தவராகவே பார்க்கப்பட்டார். பாவம் அவர்.

மூன்றாவது வகைதான் புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்பும்: ஃபேவரிட்டாக இருந்துகொண்டே அண்டர்டாக்கின் அனுதாபத்தைப் பெறுகிறவர். ரோரி மெக்கில்ராய் 2011 மாஸ்டர்ஸில் 4 ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசிச் சுற்றில் இறங்கி 80 எடுத்தார். 2014-க்குப் பிறகு மேஜர் எதுவும் அமையவில்லை. 2024 யுஎஸ் ஓப்பனின் கடைசி குழிகளில் இரண்டு குட்டி பட்களைத் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் அடி) தவறவிட்டு ஒரே ஸ்ட்ரோக்கில் இழந்தார். 2025-ல் அகஸ்டாவில் முதல் குழியிலேயே டபுள் போகி, 13-ல் பந்து ஓடையில், 18-ல் குட்டி பட் தவறியது. கடைசியில் ஜஸ்டின் ரோஸுடன் பிளேஆஃப் ஆடி வென்று, நான்கு மேஜர்களையும் வென்ற ஆறாவது ஆளானார். அன்று அவருக்குக் கிடைத்த ஆரவாரத்தைத் தரவரிசை எண்ணால் விளக்க முடியாது. ஒருவர் எவ்வளவு திறமையானவர் என்பது ஒரு கணக்கு. எத்தனை முறை கண்முன்னே நொறுங்கியிருக்கிறார் என்பது தனிக் கணக்கு. கூட்டம் பெரும்பாலும் இரண்டாவதைப் பார்த்துத்தான் பக்கம் சேர்கிறது.

எந்த மேஜரில் யாரைத் தேடுவது

எளியவர்களைத் தேடுபவருக்கு யுஎஸ் ஓப்பனே சுரங்கம். உரிய ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) உள்ள யாரும் விண்ணப்பிக்கலாம். உள்ளூர்ச் சுற்று 18 குழி, அதைத் தாண்டினால் இறுதித் தகுதிச்சுற்று ஒரே நாளில் 36 குழி. ஏறத்தாழ பாதிக் களம் இப்படித் தகுதி பெற்று வருகிறது. 2005-ல் பைன்ஹர்ஸ்டில் டைகரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிய மைக்கேல் கேம்ப்பெல் இந்த வழியில் வந்தவர்தான். தி ஓப்பனுக்கும் தகுதிச்சுற்றுகள் உண்டு. பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் 20 இடங்கள் கிளப்களில் ஆட்டம் சொல்லித்தரும் தொழில்முறையாளர்களுக்கு. 2023-ல் ஓக் ஹில்லில் அவர்களில் ஒருவரான 46 வயது மைக்கேல் பிளாக், ஞாயிறன்று மெக்கில்ராய் பக்கத்தில் இருக்க 15-வது குழியில் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டு ஹோல்-இன்-ஒன் அடித்தார். 15-வது இடத்தில் சமநிலையாக முடித்து அடுத்த ஆண்டுக்கும் இடம் பிடித்தார். இத்தகையவரை ஆதரிக்கும்போது கோப்பையை எதிர்பார்க்கக் கூடாது. கட் தாண்டுவதே அவருக்கு வெற்றி, முதல் 15-ல் வந்தால் திருவிழா.

மாஸ்டர்ஸ் நேர்மாறு. அழைப்பின் பேரில் மட்டும் ஆடுவது, களம் பெரும்பாலும் நூறுக்குள். ஆண்டுதோறும் அதே மைதானம் என்பதால் கிரீன்களின் சரிவுகளைப் பழகியவர்களுக்குப் பெரிய அனுகூலம். முதல்முறை ஆடி மாஸ்டர்ஸை வென்ற கடைசி ஆள் 1979-ல் ஃபஸ்ஸி ஸோலர். ஆகவே அறிமுக வீரர் ஒருவர் அகஸ்டாவில் வியாழனன்று முன்னிலையில் இருந்தால் ரசியுங்கள், மனசை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

நாளுக்கு நாள் எப்படிப் பார்ப்பது

புதன்கிழமையே மூன்று பேரைத் தேர்ந்துகொள்வது நல்லது. முதல் ஐந்து ஃபேவரிட்டுகளில் ஒருவர், 50/1 முதல் 80/1 வரை உள்ள ஒருவர், 150/1-க்கு மேல் ஒருவர். ஒரே ஒரு அண்டர்டாக்கை மட்டும் பிடித்துக்கொண்டால் வெள்ளி மாலை அவர் 'கட்' தாண்டாமல் வெளியேறுவார், வாரக்கடைசியில் பார்க்க ஆளே இருக்காது. நடைமுறையில் அடிக்கடி நடக்கும் கோளாறு இது.

அடுத்து, ஆடும் நேரத்தைப் பாருங்கள். பெரிய களம் உள்ள மேஜர்களில் பாதிப் பேர் வியாழன் காலை, வெள்ளி மதியம் ஆடுவார்கள். மீதிப் பாதி வியாழன் மதியம், வெள்ளி காலை. தி ஓப்பனில் கடற்காற்று மதியம் எழுந்தால் ஒரு பாதி முழுவதும் அடி வாங்கும். உங்கள் ஆள் 75 எடுத்ததும் கைவிடாதீர்கள். அதே நேரத்தில் ஆடிய மற்றவர்கள் என்ன எடுத்தார்கள் என்று ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெயர் தெரியாத ஒருவர் வியாழன் மாலை முதலிடத்தில் இருப்பது வழக்கமான காட்சி. அவர் நிலைப்பாரா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஸ்கோர் எங்கிருந்து வந்தது என்று புள்ளிவிவரத்தில் தேடுங்கள். நீளமான பட்கள் பல உள்ளே போனதால் வந்த 65 என்றால் அது தேயும், ஏனென்றால் பட் கைகொடுப்பது நாளுக்கு நாள் மாறுவது. பேர்வே எனும் சீராக வெட்டிய புல்பாதையில் பந்தை வைத்து, உரிய ஸ்ட்ரோக்குக்குள் கிரீனை அடைந்து, குழிக்கு அருகே நிறுத்தி வந்த 65 என்றால் அந்த ஆட்டம் இன்னும் சில நாள் தாங்கும். அறிமுகமில்லாத வீரரைத் தொலைக்காட்சி அதிகம் காட்டாது. கேமராக்கள் நட்சத்திரக் குழுக்களின் பின்னாலேயே போகும். அதனால் போட்டியின் செயலியில் குழி வாரியான ஸ்கோரைத் திறந்து வைத்துக்கொள்வது அவசியம்.

ஞாயிறு, கடைசி 9 குழிகளில் எல்லாம் தலைகீழாகலாம். முன்னிலையில் இருப்பவர் கடைசிக் குழுவில் ஆடுவார், பின்னால் இருப்பவர் முன்னமே முடித்துவிட்டுக் காத்திருப்பார். 1999-ல் கார்னூஸ்டியில் பால் லாரி கடைசிச் சுற்றை 10 ஸ்ட்ரோக் பின்னால் தொடங்கினார். ழான் வான் டி வெல்ட் 18-வது குழிக்கு 3 ஸ்ட்ரோக் முன்னிலையோடு வந்து, அங்கே 7 எடுத்தார். ஜஸ்டின் லெனர்டும் சேர்ந்த மூவர் பிளேஆஃபில் லாரி ஜெயித்தார். 1996 மாஸ்டர்ஸில் கிரெக் நார்மன் 6 ஸ்ட்ரோக் முன்னிலையைத் தொலைத்து 78 எடுக்க, நிக் ஃபால்டோ 67 எடுத்து 5 ஸ்ட்ரோக்கில் வென்றார். 2016-ல் அதே அகஸ்டாவின் 12-வது குழியில் ஜோர்டன் ஸ்பீத் இரண்டு பந்தைத் தண்ணீரில் போட்டு 7 எடுத்தார், பட்டம் டேனி வில்லட்டுக்குப் போனது. இத்தகைய நேரங்களில் பக்கம் மாறுவதில் தப்பில்லை. காலையில் அண்டர்டாக் யார், மாலையில் யார் என்பதை லீடர்போர்டு மாற்றி எழுதுகிறது. நீங்கள் மட்டும் ஏன் புதன்கிழமைப் பட்டியலில் நிற்க வேண்டும்?

டைகரை வீழ்த்திய வை. இ. யாங்கின் ஆட்டம் இதற்கு நல்ல பாடம். 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப் வரை, மேஜரில் மூன்று சுற்று முடிந்து முன்னிலையில் இருந்த 14 முறையும் டைகரே வென்றிருந்தார். ஹேசல்டினில் 2 ஸ்ட்ரோக் முன்னிலை, கூடவே ஆடியவர் 110-வது இடத்து யாங். யாங் 14-வது குழியில் கிரீனுக்கு வெளியிலிருந்து சிப் அடித்து ஈகிள் (பாரைவிட இரண்டு குறைவு) எடுத்தார், 18-ல் ஹைப்ரிட் மட்டையால் கிரீனைப் பிடித்து பர்டி (பாரைவிட ஒன்று குறைவு) போட்டார். ஆசியாவில் பிறந்து ஆண்கள் மேஜர் வென்ற முதல் ஆள் அவர்.

ஆரவாரத்துக்கும் எல்லை உண்டு

ஒருவரை ஆதரிக்கலாம், அதற்காக எதிராளி தவறும்போது கைதட்டக் கூடாது. பந்து தண்ணீரில் விழுந்தால் ஆரவாரம் செய்வது கோல்ஃபில் மிகப் பெரிய அநாகரிகம். தவறான ஆட்டத்துக்குக் கைதட்டுவது வருத்தம் தருகிறது என்று பாபி ஜோன்ஸ் 1967-ல் எழுதிய குறிப்பை அகஸ்டாவில் இன்றும் பார்வையாளர்களுக்குக் கொடுக்கிறார்கள். வீரர் பந்துக்கு முன் நின்றதும் அசையாமல், பேசாமல் இருக்க வேண்டும்.

நடைமுறை எப்போதும் இவ்வளவு பண்பாக இருந்ததில்லை. 1962-ல் ஓக்மான்ட்டில் 22 வயது நிக்லாஸ், அந்தப் பகுதி மக்களின் செல்லப்பிள்ளை ஆர்னால்ட் பாமரைப் பிளேஆஃபில் வென்றபோது கூட்டம் அவரை வெளிப்படையாகவே எதிர்த்தது. 2023-ல் ஹாய்லேக்கில் பிரையன் ஹார்மன் கூட்டத்தின் கிண்டலைக் கேட்டுக்கொண்டே 6 ஸ்ட்ரோக்கில் தி ஓப்பனை வென்றார். பெரிய நட்சத்திரங்களையும் உள்ளூர்க்காரர் டாமி ஃப்ளீட்வுட்டையும் எதிர்பார்த்து வந்த கூட்டம் அது. கோல்ஃப் ரசிகர்கள் எளியவர் பக்கம் என்று பொதுவாகச் சொல்வது முழு உண்மை இல்லை. பெயர் பெற்றவர் பக்கமே கூட்டம் சாயும் நாட்கள்தான் அதிகம்.

பிளேஆஃப் வந்தால்

நான்கு நாள் முடிவில் சமநிலை என்றால் அப்போதுதான் கோல்ஃப் ஏறக்குறைய டென்னிஸ் மாதிரி ஆகிறது, இரண்டு மூன்று பேர் நேருக்கு நேர். ஒவ்வொரு மேஜருக்கும் விதி வேறு. மாஸ்டர்ஸில் 18-வது குழியில் தொடங்கும் சடன் டெத் (ஒரு குழியில் முந்துபவரே சாம்பியன்), தேவைப்பட்டால் அடுத்தது 10-வது. யுஎஸ் ஓப்பனில் இரண்டு குழிகளின் கூட்டுத்தொகை, பிஜிஏ சாம்பியன்ஷிப்பிலும் தி ஓப்பனிலும் மூன்று குழிகள். அதிலும் சமன் என்றால் சடன் டெத். குழிகள் எவ்வளவு குறைவோ, திறமை வித்தியாசம் தெரிய அவ்வளவு குறைவாகவே இடம் கிடைக்கும். ஒரே குழியில் 1-வது இடத்தவரும் 150-வது இடத்தவரும் கிட்டத்தட்ட சமம்.

யுஎஸ் ஓப்பன் முன்பு பிளேஆஃபுக்கு முழு 18 குழி வைத்திருந்தது. ஃபேவரிட்டுக்குச் சாதகமான விதி, ஆனாலும் 1913-ல் 20 வயது அமெச்சூர் ஃபிரான்சிஸ் உய்மெட் அதில் ஹாரி வார்டனையும் டெட் ரேயையும் வென்றார், 1955-ல் ஜாக் ஃப்ளெக் பென் ஹோகனை வென்றார். 2008-ல் டோரி பைன்ஸில் 158-வது இடத்து ராக்கோ மீடியேட், காலில் முறிவோடு ஆடிய டைகருடன் திங்கட்கிழமை 18 குழியும் சமமாக ஆடி, அடுத்த குழியில்தான் தோற்றார். பிளேஆஃப் அறிவிக்கப்பட்டதும் தரவரிசையை மூடிவிடலாம். ஆடப்போகும் குழிகள் எவை, அந்தக் குழிகளை இருவரும் நான்கு நாளும் எத்தனை ஸ்ட்ரோக்கில் முடித்தார்கள், தொடக்க அடிக்கான டிரைவர் மட்டையில் யாருக்குப் பந்து எந்தப் பக்கம் வழுக்குகிறது என்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.